லேடீஸ் ஃபோல்டர்

நேற்று காலை டீக்குப் பால் வைத்துவிட்டு நின்றிருந்தேன். கைப்பேசி தானாகவே என் பழைய படங்களில் சிலதைப் பொறுக்கி, அடியில் ஒரு சோக இசையைச் சேர்த்து, 'உங்கள் இனிய நினைவுகள்' என்று ஓட்ட ஆரம்பித்தது. இனிய நினைவுகளில் ஒன்று என் பெரியம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த படம். யாரைக் கேட்டு எடுத்தாய் என்று ஃபோனைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அந்தக் கோபத்தையும் அதன்மேலேயே காட்டினேன்.

பால் தீய்ந்த வாசனை வந்தாலே எனக்கு ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன்தான். அங்கே ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் என்ன, மூன்று கம்ப்யூட்டர், கரண்ட் போனால் கத்தும் ஒரு யுபிஎஸ், அதைவிட அதிகமாகக் கத்தும் ஒரு முதலாளி. இரண்டாயிரத்துச் சொச்சம். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வந்து, அங்கே பஸ் மாறிப் போவேன். முதல் வேலை. நடையில் ஒரு மிதப்பு இருந்தது என்று அத்தா இன்றும் சொல்லிக் காட்டுவார்.

பல்லாவரத்தில் ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோவுக்கு நாங்கள் ஆல்பம் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தோம். ஸ்டூடியோவை நடத்திய பாய்க்கு அதில் ஒரு புது ஆசை. வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டம் அவர் கடையைத் தாண்டித்தான் போகும். கண்ணாடிக்குள் பெரிய டிவி வைத்து, கல்யாணப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும். முதலாளி என் மேஜைக்கு வந்து, "ஒரு ஸ்லைடுஷோ கன்ட்ரோல் போட்டுடும்மா. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும்" என்றார். எழுதாதவர்களுக்கு எல்லாமே சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

கன்ட்ரோல் என்றால் படம் காட்ட ஒரு பெட்டி, படத்தை மாற்ற ஒரு டைமர், ஓட்ட ஒரு பட்டன், நிறுத்த ஒரு பட்டன். அவ்வளவுதான் சங்கதி. நான் சும்மா இருப்பேனா. ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதற்குள் இருக்கும் ஃபோல்டர்களிலும் புகுந்து படத்தைத் தேடி எடுக்கும்படி எழுதினேன். ஸ்டூடியோவிலிருந்து வந்த ஒரு கல்யாண சிடியைப் போட்டுப் பெருமையாக ஓட்டினேன். மாப்பிள்ளை வந்தார், நிக்காஹ் வந்தது, பிரியாணி வந்தது. அடுத்து, தலையில் முக்காடு இல்லாமல், மருதாணிக் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண். பின்னால் முதலாளி, வாசலில் கூரியர்காரர். நிறுத்த பட்டன் வைத்தவளே நான்தான், அதை அழுத்தத் தோன்றாமல் மானிட்டரை அணைத்துவிட்டு நின்றேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்கள் பகுதிக்கு ஆண் கேமராக்காரர் போக முடியாது. அந்த ஸ்டூடியோவுக்காக அங்கே படம் எடுத்தவர் நூர்ஜஹான் அக்கா. புர்கா மேலேயே கேமராவை மாட்டிக்கொண்டு வருவார். எடுக்கும் முன் சொல்லிவிடுவார், இந்தப் படம் உங்கள் வீட்டைத் தாண்டாது என்று. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு ஆடுவார்கள், பாடுவார்கள். சிடியில் அவர் எடுத்ததெல்லாம் 'லேடீஸ்' என்று தனி ஃபோல்டராக இருக்கும். என் கெட்டிக்காரக் கன்ட்ரோல் அதற்குள்தான் புகுந்திருந்தது.

விஷயம் அக்கா காதுக்குப் போய்விட்டது. மறுநாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"இன்னா கண்ணு, நான் எடுத்ததெல்லாம் சந்தையில ஓடப் போவுதாமே? வூட்டுக்கு வூடு சொல்லிக்கினு கீறேன், வெளிய போவாதுன்னு. நாளைக்கு எவ என்ன உள்ள வுடுவா?"

"ஓடாதுக்கா," என்றேன். என் அதிகாரம் என்ன, நான் யார், எதையும் யோசிக்கவில்லை.

அன்றே 'லேடீஸ்' என்று இருந்தால் தாண்டிப் போகும்படி மாற்றினேன். முதலாளிக்கு ஏறியது சூடு. "கிளையன்ட் கேட்டதைக் குடு. இல்லன்னா நாளைலேர்ந்து வர வேணாம்" என்றார். சரி சார், ஸ்டூடியோவில் காட்டிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகிறேன் என்றேன். பயம் இல்லாமலா? ஆனால் மாற்றியதை மாற்றவில்லை.

ஸ்டூடியோவில் பாய் டிவியைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"இன்னாம்மா, வெறும் ஆம்பளைங்க பிரியாணி துன்றதே வருது? இத எவன் நின்னு பாப்பான்? நகை, மருதாணி, அதெல்லாம் எங்க?"

"அவங்கள கேட்டீங்களா?"

"எதுக்கு? வூட்டு ஆம்பளைங்ககிட்ட சொல்லிக்கலாம்."

அவர் மகள் கல்யாணப் படங்களும் ஸ்டூடியோ கம்ப்யூட்டரிலேயே இருந்தன. மவுஸை அதன் லேடீஸ் ஃபோல்டர்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். திறக்கவில்லை. "சரி, முதல்ல இதுலேர்ந்தே ஓட்டலாமா பாய்?"

"அத வுடும்மா," என்றார் மெதுவாக.

"அப்ப எல்லாத்தையும் விட்டுடுங்க."

பாய் அதோடு விட்டுவிட்டார். வேலை போகவில்லை. முதலாளி என்னை மருந்துக்கடை பில்லிங் சாஃப்ட்வேர் பக்கம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். அதற்கு முன் ஒன்று செய்தேன். லேடீஸ் ஃபோல்டருக்கு ஒரு பூட்டு எழுதி, அதன் பாஸ்வேர்டை அக்காவையே வைக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். "திரும்பிக்கோ கண்ணு, நீயும் பாக்கக் கூடாது" என்றார். திரும்பிக்கொண்டேன்.

கேட்டால் எல்லோரும் மாட்டேன் என்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா கல்யாணப் படம் எடுத்த பள்ளிக்கரணை நர்ஸ் ஒருத்தி, "என் மொகம், நான் சொல்றேன், போடுங்கக்கா" என்றாளாம். அக்கா திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் திறந்தார். வெள்ளிக்கிழமை அவள் கடை வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தன்னைத் தானே பார்த்தாள். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

ஸ்டூடியோ இப்போது இல்லை. நாங்கள் எழுதிய சாஃப்ட்வேர் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது. கம்பெனி இருந்த கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். அக்காவும் காலமாகிவிட்டார்.

என் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் அவர்தான் எடுத்தார். முடிந்ததும் ஒரு சிடியை என் கையில் வைத்து, "இது ஒண்ணுதான் கீது. எங்கிட்டயும் இல்ல, கடையிலயும் இல்ல" என்றார். இப்போது அதில் பூஞ்சை பிடித்துவிட்டது, திறக்கவில்லை. தெரிந்த கடையில் கொடுத்து மீட்டுத் தருகிறேன் என்று தங்கை மகன் சொல்கிறான். எவனோ ஒருத்தன் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துத்தானே மீட்பான்? கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதில் என் அம்மா முக்காடு இல்லாமல் ஆடுகிறாள். இனி அதை நானும் பார்க்க முடியாது. போகட்டும்.