பொட்டு வைத்த மிஷின்

காஞ்சிபுரத்தில் நான் எக்ஸ்ரே எடுக்கும் சென்டருக்கு இருமலோடு ஒரு சிறுமி வந்தாள். இரட்டைச் சடை, நெற்றியில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு. யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பொட்டை விரலால் அழுத்திக்கொள்வாள்.

படம் எடுத்ததும் திரையை உற்றுப் பார்த்தாள்.

"உயிர் எங்கக்கா?"

"இது எலும்பு, இது நுரையீரல், இது இதயம். உயிர் படத்துல விழாதும்மா."

"அப்போ எனக்கு உயிரே இல்லியா?" உதடு பிதுங்கியது.

தறியிலிருந்து நேரே வந்திருந்த அவள் அப்பா சிரித்தார். "காலையிலேருந்து உயிர் எங்க இருக்குதுன்னே கேட்டுக்கினு இருக்குதுமா."

பொட்டை அழுத்தியபடி யோசித்தவளின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"எங்க மிஸ் சொன்னாங்க. 'க' மேல புள்ளி வச்சா வெறும் மெய்தான். புள்ளிய எடுத்தா உயிர் வந்துடும்!"

பொட்டைப் பிய்த்தாள். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"வந்துடுச்சுப்பா!"

பிய்த்த பொட்டை எக்ஸ்ரே மிஷினின் மேல் ஒட்டினாள்.

"இதுக்குத்தான் உயிர் கிடையாது."

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே போனாள்.

தினமும் காலையில் மிஷினைத் துடைக்கிறேன். பொட்டை மட்டும் எடுப்பதில்லை. எடுத்த பிறகு அது பேச ஆரம்பித்துவிட்டால் யார் பதில் சொல்வது?