சுதந்திர விரும்பி கட்டிய சுவர்

போன செவ்வாய்க்கிழமை ஒரு வேலையை விட்டேன்.

அறுபத்தொரு வயதில் வேலையை விடுவது தனிச் சுகம் என்பார்கள். எனக்குச் சுகம் கிடைக்கவில்லை. கோபம்தான் கிடைத்தது. இன்னும் இறங்கவில்லை. அதோடுதான் இதை எழுதுகிறேன்... கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் வளர்ந்தவர் இக்னேஷியஸ். எனக்கு இக்னி. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பக்கத்து பெஞ்ச். அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இன்று இக்னிக்குத் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கன்டெய்னர் யார்டுகள், குடோன்கள், பெயின்ட்டுக்கு ரசாயனம் கலக்கிற ஒரு தொழிற்சாலை. வீடு மட்டும் ஊருக்குத் தெற்கே, கடலோரத்தில். வடக்கே சம்பாதித்துத் தெற்கே மூச்சு விடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய இல்லையா? அவர்களில் ஒருவர்.

தன் வாழ்க்கையைத் தமிழில் புத்தகமாகப் போட ஆசைப்பட்டார். "நான் பேசுறேன், நீ எழுது ஃப்ளோரா. நான் வளந்த தெரு உனக்குத்தான் தெரியும்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்பீர்கள். மனிதர் வேஷக்காரர் இல்லை, அதனால்தான். லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்று ஒரு குடோனை மழைக்காலம் முழுக்கப் பூட்டி வைத்திருந்தவர். மந்திரி வந்தால் மாலையோடு ஓட மாட்டார். சொந்த அக்காள் மகன் இன்டர்வியூவில் தேறவில்லை என்று வேலை தராமல், அக்காவின் பேச்சையே இழந்தவர். காரைத் தானே ஓட்டுவார்.

அவர் தன்னை 'லிபர்ட்டேரியன்' என்று சொல்லிக்கொள்வார். அதைத் தமிழில் எப்படி எழுதுவது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு 'சுதந்திர விரும்பி' என்று போட்டேன். அவருக்குப் பிடித்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை அரசாங்கத்துக்கு மூன்றே வேலைகள் – போலீஸ், கோர்ட், ராணுவம். மற்றபடி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு, தண்ணீர் எல்லாம் தனியாரிடம் போய்விட வேண்டும். ரேஷன் அரிசி மனிதனை முடமாக்கும். பெண்களுக்கு இலவச பஸ் என்றால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

நான் சண்டை போடுவேன். "இக்னி, நீயும் நானும் மதியச் சோறு சாப்பிட்டுத்தானே படிச்சோம்?"

"அதனாலதான் சொல்றேன். தட்டோட வரிசையில நின்னது இன்னும் மறக்கல. எந்தப் புள்ளையும் யார் முன்னாடியும் தட்டோட நிக்கக் கூடாது."

அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் இப்படி ஒரு வாக்கியம், அவர் சொல்லச் சொல்ல எழுதியது: 'ஒரு நிலத்தில் முதலில் காலடி வைத்து, வியர்வை சிந்தி, அதைப் பயன்படுத்துகிறவனுக்கே அது சொந்தம். இந்த உரிமை எந்த அரசாங்கமும் போட்ட பிச்சை அல்ல.' எழுதி முடித்ததும் எனக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

அந்தக் கம்பீரம் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி வரை இருந்தது.

அன்று எண்ணூர் யார்டைக் காட்டுவதற்காக என்னைக் கூட்டிப்போனார். கேட்டுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். தூக்கிச் செருகிய புடவை, மேலே ஆம்பளைச் சட்டை, கையில் பனையோலைக் கூடை. கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, அடிச் சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்கள். கடல் உள்வாங்கி ஆற்றில் தண்ணீர் வடிந்திருக்கிற சில மணி நேரம்தான் அவர்களுக்கு வேலை நேரம்; அது நாளுக்கு நாள் மாறும். தண்ணீர் ஏறிவிட்டால் அன்றைய பிழைப்பு போச்சு.

அவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு புத்தம்புதுச் சுவர். யார்டைப் பெரிதாக்கி இக்னி கட்டியது. சிமென்ட் வாசனைகூடப் போகவில்லை. குப்பத்திலிருந்து ஆற்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையை அது குறுக்கே மறித்துக்கொண்டு நின்றது.

இக்னி காரை நிறுத்தினார். செக்யூரிட்டியை அனுப்பாமல் தானே இறங்கிப் போனார் – அதையும் சொல்லிவிட வேண்டும். நான் பின்னாலேயே போனேன்.

முன்னால் நின்றவர் பெயர் குமுதா. நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"சார், வழிய மட்டும் வுடு சார். உன் எடத்துல ஒரு கல்லுகூட எங்களுக்கு வாணாம். ஒரு ஆள் போற மாதிரி சந்து வுடு, போதும்."

"மெயின்ரோடு இருக்கேம்மா. சுத்திப் போங்க."

"மெயின்ரோட்லயா? டிரெய்லரு வரிசையா வந்துகினே கீது சார். போன வாரம் எங்க வசந்தா கால் மேல ஏத்திட்டான். ஒடிஞ்ச காலோட ஆஸ்பத்திரில கீறா. சுத்திக்கினு போறதுக்குள்ள தண்ணியும் ஏறிடுது. அப்பால எங்க எறங்குறது?"

"ஏத்தினது என் வண்டியா?"

"யார் வண்டியா இருந்தா இன்னா சார்? ஒடிஞ்சது அவ காலு."

இக்னி நிதானம் இழக்கவில்லை. "இது என் இடம்மா. முறையா வாங்கி, பத்திரம் பண்ணியிருக்கேன். என் இடத்துல சுவர் கட்ட எனக்கு உரிமை இருக்கு."

"உனுக்கு முன்னாடி இது யாருது?"

"அரசாங்கத்தோடது. தொழிலுக்குன்னு எடுத்து எனக்கு ஒதுக்கினாங்க."

"அதுக்கும் முன்னாடி?"

இக்னி சுவரைத் திரும்பிப் பார்த்தார். குமுதாவே சொன்னார்.

"நாங்கதான் சார் நடந்துகினு இருந்தோம். எங்க மாமியா நடந்தாங்க, அவங்க மாமியா நடந்தாங்க. நடந்து நடந்துதான் அது வழியாச்சு. எந்த கவர்மென்டும் வந்து போட்டுக் குடுக்கல."

இரண்டாம் அத்தியாயம்! முதலில் காலடி வைத்தவருக்கே சொந்தம், அரசாங்கம் போட்ட பிச்சை அல்ல... இக்னியைப் பார்த்தேன். அவர் முகத்திலும் ஒரு கணம் ஏதோ ஓடியது. ஓடியது, நிற்கவில்லை.

"பத்திரம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"நடக்கறதுக்கு யார் சார் பத்திரம் போடுவாங்க?"

"சரி, உங்களுக்குப் பிழைப்புதானே வேணும்? யார்டுல கிளீனிங் கான்ட்ராக்ட்ல சேத்துக்கச் சொல்றேன்."

குமுதாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "எனுக்கு வேலை கீது சார். ஆத்துல எனுக்கு மேஸ்திரி கெடையாது. லேட்டா வந்தேன்னு எவனும் கத்த மாட்டான். நான் சொல்ற வெலைக்குத்தான் எறா வாங்கினு போறாங்க. அத வுட்டுட்டு உங்கிட்ட வந்து தொடப்பம் புடிக்கவா?"

யோசித்துப் பாருங்கள். யாருக்கும் சலாம் போடாமல், சப்சிடி கேட்காமல், தன் இரண்டு கையை மட்டும் நம்பித் தொழில் செய்கிறவர். தன் சரக்குக்குத் தானே விலை வைக்கிறவர். இக்னி பக்கம் பக்கமாக வர்ணித்த அந்தச் சுதந்திர மனிதர், சேறு காய்ந்த சட்டையோடு அவர் எதிரிலேயே நிற்கிறார்... அவருக்கு அடையாளம் தெரியவில்லையே!

இக்னி செல்போனை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டார். அரசாங்கத்துக்கு அவர் விட்டுவைத்த மூன்று வேலைகளில் ஒன்று பத்து நிமிடத்தில் ஜீப்பில் வந்து இறங்கியது. "பேரச் சொல்லு, ஊரச் சொல்லு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பெண்கள் கலைந்தார்கள். போலீஸுக்குப் பயந்து அல்ல – தண்ணீர் ஏறப்போகிறதே என்று.

காரில் ஏறியதும் கேட்டேன். "இக்னி, ரெண்டாவது சாப்டர்ல நீ சொன்னதத்தானே அவங்க சொன்னாங்க?"

"ஃப்ளோரா, அது ஃபிலாசஃபி. இது லேண்டு."

"அரசாங்கமே ஆகாதுன்ற. அரசாங்கம் குடுத்த காகிதத்த மட்டும் நெஞ்சோட புடிச்சிக்கினு நிக்கிற?"

"எமோஷனலா பேசாத. இன்னிக்கு ஒரு சந்து விட்டா நாளைக்குப் பத்து சந்து கேப்பாங்க. நியாயம்னு நினைச்சா கோர்ட்டுக்குப் போகட்டும். அதுக்குத்தான கோர்ட்?"

கோர்ட்! வாய்தா வாங்கும் நாளில் ஆறு வடியாமல் காத்திருக்குமா? வசந்தா ஒடிந்த காலோடு படியேறுவாரா?

என் நோட்டுப் புத்தகத்தை அவர் டாஷ்போர்டில் வைத்தேன். இறங்கினேன். "வெயில்ல எங்க போற?" என்று கேட்டார். அந்தப் பெண்கள் பின்னாலேயே நடந்தேன்.

நடந்து பார்த்தால்தான் தெரிகிறது. நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் சாக்கடை. மறு பக்கம் டிரெய்லர்கள். ஒவ்வொன்று தாண்டும்போதும் காற்று புடவையை அந்தப் பக்கம் இழுக்கிறது. கண்ணில், மூக்கில், பல்லில் கரித்தூள். முழங்கால் வலியில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். "எக்கா, என் கைய புடிச்சுக்க. வெள்ளக் கோட்டுக்கு உள்ளாறவே வா" என்று குமுதா என்னை இழுத்துக்கொண்டு போனார். ஒரு லாரிக்காரன் எங்களைப் பார்த்து விடாமல் ஹாரன் அடித்தான். ஓரத்தில் போகிறவர்களை இன்னும் எந்த ஓரத்துக்குப் போகச் சொல்கிறான்?

ஆற்றங்கரைக்கு வந்தபோது தண்ணீர் ஏறியிருந்தது. குமுதா இறங்கிப் பார்த்தார். மார்பு வரை வந்தது. மேலே ஏறி, காலிக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடி அதே ரோட்டுக்கு நடந்தார்.

அன்று மாலை இக்னிக்குப் போன் செய்து, புத்தகம் எழுத முடியாது என்றேன். கோபப்படவே இல்லை. "உன் சுதந்திரம் ஃப்ளோரா" என்றார், மிக மரியாதையாக. வேறொருவர் எழுதப்போகிறாராம். நல்ல தமிழ் தெரிந்தவராம்.

வெள்ளிக்கிழமை யார்டு மேனேஜர் குப்பத்துக்கு வந்து ஒரு சலுகை சொல்லியிருக்கிறார். சுவரில் சின்ன கேட் வைப்பார்களாம். காலை ஆறிலிருந்து ஏழு வரை திறப்பார்களாம். போட்டோ ஒட்டிய பாஸ் இருந்தால் போகலாமாம்.

"சரி நைனா, ஆத்துக்கும் ஒரு பாஸ் குடுத்துடு. ஆறு மணிக்கு கரெக்டா வடியச் சொல்லிடு" என்று குமுதா சொல்லி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை எல்லோருமாகக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார்கள். அங்கே இருந்த அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு, பாதை இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டாராம். ரசீது கொடுத்திருக்கிறார்கள். சுவர் நிற்கிறது.

இன்று காலை குமுதாவிடம் போனில் பேசினேன். பின்னால் ஹாரன் சத்தம். "ரோட்ல போய்க்கினு கீறேன்க்கா, அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் எண்ணூர்ப் பக்கம் டிரெய்லர் ஓட்டுகிறவர் யாராவது இருந்தால்... கொஞ்சம் மெதுவாகப் போங்கள் தம்பி. ஓரத்தில் குமுதா போகிறார்.