அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது

பித்தளைக் குழாய் செய்கிற ஒரு கம்பெனியின் வாசலில் நான் செக்யூரிட்டி. அதற்கு முன் பஞ்சாலையில் இருந்தேன். மில்லை மூடியதும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டேன். ஷிப்டு முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது, டிபன் டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பது, இதுதான் வேலை. ஆனால் டப்பாவைவிட முகத்தைத்தான் அதிகம் பார்ப்பேன். என்னைப் பார்த்து "வரேண்ணே" என்று சொல்லிப் போகிறவன் பையில் ஒன்றும் இருக்காது. தரையைப் பார்த்துக்கொண்டே போகிறவனை நிறுத்தினால், சாம்பார் டப்பாவுக்கு அடியில் நாலு பித்தளைத் துண்டு கிடக்கும். இத்தனை வருஷ அனுபவத்தில் வேறு மாதிரி நான் பார்த்ததில்லை.

மகள் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தபோது என் மனைவி மாறத் தொடங்கினாள். அதுவரை, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி குனிந்துதான் நடப்பாள். ஒரு நாள் பார்க்கிறேன், கண்ணாடி முன்னால் தோளை நிமிர்த்தி நின்று தனக்குத் தானே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் தலையை வாருவதுபோல் சீப்பை எடுத்துக்கொண்டாள். ரெண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டம்மா வழக்கம்போல மிக்சி கேட்டு வந்தார். "இன்னிக்கு இல்லக்கா, எனக்கு வேணும்" என்று இவள் சொல்கிறாள்! கட்டிக்கொண்டு வந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'இல்ல' என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

"இன்னா, எல்லாம் புதுசா இருக்குது?" என்றேன்.

"இன்னா புதுசு? ஒண்ணுமில்லியே" என்று சோற்றைப் போட்டாள். தட்டைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மகளிர் குழுவில் யாரோ ஒரு டீச்சரம்மா வந்து தன்னம்பிக்கை வகுப்பு எடுத்ததாக மகள் சொன்னாள். ஆளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் செய்கிற நல்ல பழக்கத்தை எழுதி, செய்து முடித்ததும் டிக் போடச் சொன்னார்களாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தன்னம்பிக்கை என்று ஆரம்பிக்கிறவர்கள் கடைசியில் சத்து மாவு விற்காமல் எழுந்து போக மாட்டார்கள். "பாத்துக்கினே இரு, அடுத்த வாரம் உங்கம்மா டப்பா டப்பாவா பவுடர் தூக்கினு வருவா" என்றேன். மகள் சிரிக்கவில்லை. "நீங்க சும்மா இருங்கப்பா" என்று போனை நோண்டினாள். அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி, ரெண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

பவுடர் வரவில்லை. அதற்குப் பதில் இவள் விடியற்காலையில் வெளியே கிளம்பினாள். கேட்டால் வாக்கிங்காம். எங்கள் கருவடிக்குப்பத்தில் வாக்கிங் போகிறவர்களை எனக்குத் தெரியாதா? கையை வீசிக்கொண்டு போவார்கள், வேர்த்து விறுவிறுத்து வருவார்கள். இவள் மடிப்புக் கலையாத புடவை கட்டி, கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறாள். ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் திரும்பி வருகிறாள். யார் காதில் பூ சுற்றுகிறாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் வாங்கப் போன நேரம் பார்த்து அந்தப் பையைத் திறந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கம்பெனி வாசலில் செய்கிற மாதிரியே ஜிப்பை இழுத்து, உள்ளறையில் விரலை விட்டுத் துழாவினேன். பேனா, ஜெபமாலை, அந்த நோட்டு. எட்டாம் வகுப்போடு நின்றவளின் உருண்டை எழுத்து. அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணும். நிமிர்ந்து நிக்கணும். மெதுவா மூச்சு விடணும். சத்தமா பேசணும். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது 'இல்ல' சொல்லணும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் வரிசையாக டிக். கடைசி வரிக்கு மட்டும் ஒரு டிக்கும் இல்லை. 'அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது' என்று எழுதி, அடிக்கோடு போட்டிருந்தாள்.

அவர் என்றால் நான்தான். எங்கள் வீட்டில் வேறு அவர் கிடையாது. வாசலில் என் முகத்தைப் பார்க்காமல் போகிறவன் எதற்காகப் பார்க்காமல் போகிறான் என்று எனக்குத் தெரியும். இவள் என்ன செய்துவிட்டாள்? வேறு யாராவது ஆளா? ஐம்பதைத் தொடப்போகிறவளைப் பற்றி நினைக்கிற நினைப்பா இது, சீ, என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டேதான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வஞ்சிரக் குழம்பைத் தொடாமலே எழுந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை அவளுக்குப் பின்னாலேயே போனேன். அவள் நேராக மாதா கோயிலுக்குப் போனாள். கோயிலைத் திறந்து கூட்டுகிற அம்மா பக்கக் கதவைத் திறந்துவிட்டார். பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. இந்த நேரத்தில் இங்கே இவளுக்கு என்ன வேலை என்று நான் கதவோரம் ஒண்டி நின்று எட்டிப் பார்த்தேன். பீடத்துக்குப் பக்கத்தில், வாசகம் படிக்கிற மேடையில் நிமிர்ந்து நிற்கிறாள் என் மனைவி. எதிரே காலி பெஞ்சுகள். கல்யாணப் பூசையில் படிக்கிற பைபிள் வாசகத்தை, விரலை வரிமேல் ஓட்டியபடி, நிறுத்தி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அது என் மனைவியின் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. இன்னும் ஓரடி உள்ளே வைத்தேன். கதவு கிறீச்சிட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அவ்வளவுதான். ஒரே சொல்லை மூன்று தரம் ஆரம்பித்தாள், முடிக்க வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டாள்.

"ஏன் வந்தீங்க?"

"நீ எங்க போறேன்னு பாக்க வந்தேன்."

"பாத்துட்டீங்கல்ல? நாப்பது நாளா தடுக்காம படிச்சேன். உங்க மூஞ்சியப் பாத்தேன், போச்சு!" அழுகையும் கோபமுமாகச் சொன்னாள். "பாப்பாதான் கேட்டா, எங்கல்யாணத்துல மொத வாசகம் நீதாம்மா படிக்கணும்னு. ஃபாதரும் சரின்னுட்டாரு. அன்னிக்கி மாதிரி நீங்க வந்து புடுங்கிடுவீங்களோன்னுதான் சொல்லல."

அன்றைக்கு என்றால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏழெட்டு வருஷம் இருக்கும். எங்கள் தெருக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி பைபிள் படித்து ஜெபம் சொல்கிற அன்பியக் கூட்டம், எங்கள் வீட்டில் நடந்தது. வீட்டுக்காரம்மா வாசிக்கட்டும் என்றார்கள். ஒரு நீளமான பெயர் வந்ததும் அவள் தடுக்கினாள். நான் எழுந்து போய் பைபிளைப் பிடுங்கி, "குடு இப்டி, நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் யார் எதிரிலும் எதையும் படித்ததில்லை. மருந்துச் சீட்டைக்கூட மகளிடம்தான் நீட்டுவாள். ஊரார் பையையெல்லாம் துழாவுகிற நான் இதைக் கவனிக்கவே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். அந்த வாசகத்தை நான் ஏற்கனவே அண்ணன் மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் பள்ளிக்கூட டீச்சர், கணீரென்று படிப்பாள். அண்ணன் பிரான்சு தேசத்துக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து, அங்கேயே வேலை பார்த்து, பென்ஷனோடு திரும்பி வந்தவர். எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். வாசலில் மேனேஜர் காரையே நிறுத்துகிற நான், அவர் எதிரில் 'சரிண்ணே' தவிர வேறு பேசியதில்லை.

ரெண்டு நாள் கண்ணாடி முன்னால் நானும் நின்றேன். தோளை நிமிர்த்தி, மெதுவாக மூச்சு விட்டு, "இல்லண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். மானக்கேடாக இருந்தது. மூன்றாம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"போன்ழூர், வாடா" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கூப்பிட்டார்.

"அண்ணே, வாசகம் எம் பொண்டாட்டிதான் படிக்கிறா."

"அவளா? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளாச்சேடா! மொத வாசகம்னா சும்மாவா? எம் மருமவளே படிக்கட்டும்."

"இல்லண்ணே."

"சபையில மானம் போவும்டா."

"போனா என் மானந்தானண்ணே, போவட்டும்."

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். காப்பி சாப்பிடு என்றுகூடச் சொல்லவில்லை. வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

கல்யாணத்தன்று முதல் பெஞ்சில் அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் எனக்குப் பின்னால். வாசகத்துக்கு அவள் எழுந்தபோதுதான் டிக் போடாத அந்தக் கடைசி வரி எனக்கு நினைவு வந்தது. வாசக மேடைக்கு நேர் எதிரே என் இடம். அவள் தலையை நிமிர்த்தினால் என் மூஞ்சிதான் முதலில் தெரியும். நான் எழுந்தேன்.

"எங்கடா போற? உக்காரு" என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

நான் ஓரமாக நடந்து ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பெண்ணைப் பெற்றவன் பூசை நடுவில் எங்கே ஓடுகிறான் என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முதல் வரி நடுங்கியது. அப்புறம் நேராக வந்தது. பாதியில் ஒரு நீளமான சொல்லில் நின்றாள். புத்தகத்தை வாங்கப் போவதுபோல் என் வலது கை தானாக முன்னால் போயிற்று, பாவி கை. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்தேன். அவள் மூச்சு விட்டது மைக்கில் கேட்டது. அந்தச் சொல்லை முழுசாகச் சொன்னாள். மீதியையும் படித்து முடித்தாள். 'இறைவா உமக்கு நன்றி' என்று சபை பதில் சொன்னது. நான் சொல்ல மறந்துவிட்டேன்.

இறங்கி வந்து பெஞ்சில் என் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தாள். உட்காரவில்லை. வாசற்பக்கம் திரும்பினாள், பின்வரிசைகளைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அத்தனை பேரில் அவள் என்னைத்தான் தேடினாள். தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். கண் நிறைந்திருந்தது, தரையைப் பார்க்கத்தான் தோன்றியது. பார்க்கவில்லை. என் முகத்தை அவள் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.