என் பேச்சுக்காலை நிறுத்திய இஞ்சின்

முகநூலில் மோட்டார் சைக்கிள் குழு ஒன்றில் நேற்று முழுக்கச் சண்டை!

வரப்போகும் மொடலில் வண்டிச் சட்டமான பிரேம் மாறுமாம், இஞ்சினைப் பூட்டும் இடமும் மாறுமாம். கண்ணால் காணாத வண்டிக்கு ஆளுக்கொரு படம் கீறிப் போட்டிருந்தார்கள்.

நான் தனியே இருந்து சிரித்தேன். இதே சண்டையால் என் கலியாணம் நிற்கப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீடு கல்முனைக்குடியில், வாப்பாவின் வயல் வரிப்பத்தான்சேனையில். போய்வர ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள். உம்மா அதை "மூத்த மகன்" என்பார் (எனக்குக் காக்கா, அதாவது அண்ணன், இல்லாததால் யாரும் கோபிக்கவில்லை).

அந்த வண்டியில் பிரேமின் மேல் குழாயிலிருந்து இஞ்சின் தொங்கும். கீழே தாங்க ஒன்றும் கிடையாது.

அந்த நாளில்தான் கொழும்பிலிருந்து வந்த லொறிக்காரர் ஒருவர், புது மொடல் வருகிறது, பிரேம் முழுக்க வேறு என்று கல்முனைக் கடைத்தெருவில் சொல்லிவிட்டுப் போனார்.

எப்படி வேறு என்று சொல்லவில்லை. ஊருக்கு அது போதும்!

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குப் பேச்சுக்கால் வந்தது. மாப்பிள்ளை மருதமுனை றஹீம். கைத்தறிச் சாரன்களை மூட்டையாகக் கட்டி, மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறவர். அவரும் அவருடைய வாப்பாவும் வந்திருந்தார்கள். உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தார். நான் கதவுச் சீலைக்குப் பின்னால்.

எல்லாம் நன்றாகவே போனது. நிக்காஹ்வுக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி.

அப்போது என் வாப்பா வாசலில் நின்ற றஹீமின் வண்டியைப் பார்த்து, புது மொடலைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டார்.

அவ்வளவுதான்.

புது வண்டியிலும் இஞ்சின் தொங்கத்தான் வேண்டும் என்றார் வாப்பா. வயல் வரம்பில் ஏறி இறங்கும்போது கீழே கம்பி இருந்தால் முட்டும், சேறு அடையும். றஹீம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வெற்றிலைத் தட்டத்திலிருந்த பாக்குவெட்டியை எடுத்து விரித்தார். அதுதான் பிரேமாம். இடையில் ஒரு பாக்கை வைத்தார். அது இஞ்சினாம்.

"மாமா, மூட்டைய ஏத்தினா மேல் குழாய் வளையிற எனக்குத் தெரியிது. கீழாலயும் ரெண்டு கம்பி வந்து இஞ்சினத் தாங்கோணும்."

எங்கள் வீட்டில் வாப்பாவை மறுத்துக் கதைத்த ஆள் அதுவரை இல்லை. இந்த மனிதர் குரலை உயர்த்தாமல் மறுத்துவிட்டு, பாக்கைத் துடைத்துத் திரும்பவும் தட்டத்தில் வைத்தார்.

சீலைக்குப் பின்னால் நான் முடிவெடுத்துவிட்டேன்: இவர்தான்.

வாப்பாவும் ஒரு முடிவு எடுத்திருந்தார்.

"அப்ப நீங்க என்ட வயல் பக்கம் வாற எண்ணமில்ல போல."

றஹீமின் வாப்பா சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். வண்டி வரட்டும், மற்றதை மறுகா பார்ப்போம் என்று சொல்லி எழும்பினார். வட்டிலப்பம் பாதியில் நின்றது.

உம்மா அன்று வாப்பாவுக்குச் சோறு போட்டார், ஆனால் கறியைக் கண்ணில் காட்டவில்லை.

அதன்பிறகு வாப்பா அடிக்கடி மோட்டார் சாமான் கடைக்குப் போனார். அங்கே றஹீமும் நிற்பாராம். கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இஞ்சினுக்கும் பிரேமுக்கும் நடுவில் ரப்பர் வருமாம் என்று ஒருவர் சொல்ல, இஞ்சினையே சரித்துப் பூட்டப் போகிறார்களாம் என்று இன்னொருவர் சொல்ல, இந்த இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்களாம்.

நான் தொழுதுவிட்டுக் கையேந்தினால் குழப்பம். வாப்பா வென்றால் அவரைப் பிடிக்க முடியாது. றஹீம் வென்றால் வாப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். கடைசியில், யா அல்லாஹ், ரெண்டு பேரையும் தோற்க வை என்று கேட்டேன்.

ஒரு பின்னேரம் உம்மாவும் நானும் கல்முனையில் துணி எடுத்துக்கொண்டு நின்றோம். எதிர்க் கடை வாசலில் ஒரே கூட்டம். லொறியிலிருந்து புது வண்டியை இறக்கியிருந்தார்கள்!

கிட்டப் போய் எட்டிப் பார்த்தோம். வண்டிக்கு இந்தப் பக்கம் வாப்பா, அந்தப் பக்கம் றஹீம். வெள்ளைச் சாரனோடு இருவரும் தெருவில் குந்தி, தலையைச் சரித்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹேண்டிலுக்குக் கீழிருந்து ஒரு குழாய் இறங்கி வந்து இஞ்சினின் முன்பக்கத்தோடு நின்றுவிட்டது. பின்பக்கமும் இஞ்சினைப் பிரேமோடு பூட்டியிருந்தார்கள். கீழே ஒன்றும் இல்லை. நம்பாமல் வாப்பா கையை விட்டுத் தடவினார். அந்தப் பக்கத்தால் றஹீமும் தடவினார். இஞ்சினுக்குக் கீழே இரண்டு கையும் முட்டிக்கொண்டன.

"தொங்கவும் இல்ல, கீழால தாங்கவும் இல்ல," என்றார் வாப்பா மெதுவாக. "இஞ்சினே பிரேமுக்கு எலும்பா நிக்கிது மகன்."

"ஓம் மாமா. நாம ரெண்டு பேரும் தோத்துட்டம்."

வாப்பா சிரிக்கத் தொடங்கினார். எழும்ப முடியாமல் சிரித்தார். றஹீம்தான் கை கொடுத்துத் தூக்கினார். இரண்டு சாரனிலும் கிறீஸ்.

"மாமிட வட்டிலப்பம் மிச்சம் கிடக்கு, எங்கட ஊட்டுக்கு வாங்க," என்றார் வாப்பா. (அது முடிந்து எவ்வளவோ நாள். உம்மா திரும்ப அவித்தார்.)

நாள் குறித்தார்கள். நிக்காஹ் முடிந்தது. எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

மறுநாள் காலை தேத்தண்ணியை நீட்டினேன். அவர் வெட்கத்தோடு, ஏதாவது கதையுங்களேன் என்றார். புது வண்டி வந்த நாளிலிருந்து மனதில் கிடந்ததை விட்டால், எனக்குக் கதைக்க வேறு என்ன இருக்கிறது?

"இஞ்சின்தான் எலும்பு எண்டா, வேல செய்ய இஞ்சினக் கழட்டினா மறுகா அந்தப் பிரேம எது பிடிச்சிக்கொண்டு நிக்கும்?"

கோப்பையை அப்படியே கீழே வைத்தார். என் முகத்தை முதன்முதலாக நேராகப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார்.

"மாமா, ஒருக்கா இஞ்ச வாங்க."