குதிரைக் காசு தேடி வந்தவர்

கஹவத்தை பஸ் நிலையத்தில் என்னிடம் வழி கேட்டவர் அவர். வாடிய முகம், வியர்வையில் நனைந்த சட்டை. கொழும்பில் பழங்காசு சேகரிப்பவராம். எதைத் தொடுவதற்கு முன்பும் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது ஊர் திரும்பிய ஸ்கொட்லாந்துத் துரை ஒருவர், ஒற்றைக் கொம்புக் குதிரை பொறித்த பழைய தங்கக் காசைத் தன் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சீமையிலுள்ள சேகரிப்பாளர்கள் மூலம் அதை அறிந்த நாளிலிருந்து, இவர் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தார்.

அந்தச் சமையல்காரர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்தான், இறந்துவிட்டார். அவருடைய மனைவியிடம் கூட்டிப்போனேன்.

"குதிரக் காசுங்களா? மக கல்யாணத்துக்கு அத உருக்கித் தோடு செஞ்சிட்டோங்க" என்றார் அந்த அம்மா. வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். "ஏங்க, பெரிய சாமானா அது?"

வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இல்லம்மா, சாதாரணக் காசுதான். நல்ல வேலதான் செஞ்சிருக்கீங்க."

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "சாதாரணக் காசுக்கா இவ்வளவு அலைஞ்சீங்க?"

"உலகத்துலேயே ரொம்பக் கொஞ்சந்தான் மிஞ்சியிருக்கு தம்பி. அதச் சொன்னா, மக காதப் பாக்குறப்பல்லாம் அந்தம்மா அழுவாங்க."

பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் கைவிட்டுப்போன அந்த நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் மனசை நினைக்க அவரால் எப்படி முடிந்ததோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.