வேலிக்குள் போன கிணறு

பாலவனத்தத்திலிருந்து கல்யாணமாகி நான் அந்த ஊருக்கு வந்தபோது, மாமனாரின் கரிசல் காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு முடித்திருந்தார்கள். அறுபதுகளின் கடைசி அது. மானாவாரிப் பயிர்களுக்கு ஆராய்ச்சிப் பண்ணை வரப்போகிறது என்று அரசாங்கம் எடுத்துக்கொண்ட நிலம். மாமனாரின் தகப்பனார் வெட்டிய கிணறும் அதோடு போய்விட்டது. எங்கள் பக்கம் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்புக் கரிக்கும். அந்த ஒன்றில்தான் நல்ல தண்ணீர்.

நிலம் போன வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள். அந்த வேலிக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடைக்குப் போய்விட்டார். மாமனார்தான் காவல்காரராகச் சேர்ந்தார். ஊர்க்கூட்டத்தில் அவர் பேசினால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்களாம். அப்படிப்பட்டவர், ஜீப்புச் சத்தம் கேட்டதும் காக்கிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டைத் திறக்க ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பண்ணையை முழுக்கக் குறை சொல்லிவிடவும் முடியாது. களை பறிக்கவும் பருத்தி எடுக்கவும் பெண்களுக்கு வேலை கிடைத்தது. அவர்கள் கொடுத்த குட்டைச் சோளம் சீக்கிரம் கதிர் வாங்கியது. மழை தப்பாத வருஷங்களில் ஊரே அதைத்தான் விதைத்தது. வருஷத்தில் ஒரு நாள் பந்தல் போட்டு, ரேடியோ செட்டு கட்டி, விவசாயம் பார்க்கிற சம்சாரிகளைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். நம்மவர்கள் தலையாட்டிவிட்டு, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுத் திரும்புவார்கள்.

எழுபதுகளின் நடுவில் மழை அடியோடு பொய்த்தது. கிணறு போனபிறகு நாங்கள் குடித்துவந்த ஊருணி வெடித்துக் கிடந்தது. உப்புக் கிணறுகளில்கூட அடிச்சேறுதான். வேலிக்குள் மட்டும் மோட்டார் ஓடியது. விதைக்காக வளர்த்த பருத்தி பச்சைப்பசேலென்று நின்றது.

என் மகளுக்கு அப்போது காய்ச்சல். அந்தக் கலங்கல் தண்ணீரை வாயில் வைத்ததும் குமட்டி வாந்தி எடுத்தாள். ஒரு மத்தியானம் குடத்தைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்குப் போனேன்.

“மாமா, ஒரு கொடம் தண்ணி வேணும். பிள்ளைக்கு வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“வெளியாளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஆபீசரு சொல்லியிருக்காக. போ தாயி.”

“நான் வெளியாளா? உங்க அய்யா வெட்டுன கெணறுதான மாமா இது?”

“அதெல்லாம் அப்ப. இன்னைக்கு ஒனக்கு விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். எனக்கு மிஞ்சுனது இந்த வேலை ஒண்ணுதான்.”

கேட்டுக் கம்பியைப் பற்றியிருந்த என் விரல்களை அவரே பிரித்து எடுத்துவிட்டார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெறுங்குடத்தோடு நான் அழுதுகொண்டு வருவதைப் பார்த்துத் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். மறுநாள் காலையில் எல்லோரும் குடங்களோடு போய் ரோட்டில் உட்கார்ந்தோம். திருச்சுழி பஸ் நின்றது. அதற்குப் பின்னால் வந்த ஆபீசரின் ஜீப்பும் நின்றது.

“ஏம்மா, இது ஆராய்ச்சிக்கான தண்ணி. நீங்க புரிஞ்சுக்கணும்” என்றார் அவர்.

“செடி குடிக்கலாம், எங்க பிள்ளைக குடிக்கக் கூடாதாக்கும்?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் எங்களோடு சேர்ந்து சத்தம் போட்டார்கள். வெயில் ஏற ஏற ஆபீசர் இறங்கி வந்தார். வேலிக்கு வெளியே ஒரு குழாய் வைத்து, தினமும் காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிடச் சம்மதித்தார். அன்றைக்கே ஆளுக்கொரு குடம் நிரப்பிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம்.

அன்று சாயங்காலமே மாமனாரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். சொந்த மருமகளே ஆள் கூட்டுகிறாள், அதை முன்கூட்டியே வந்து சொல்லவில்லை என்பது அவர் மேல் குற்றம். காக்கிச் சட்டையை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு வீட்டுக்கு வந்தார்.

“இப்பக் குளுந்துச்சா ஒனக்கு?” என்று கேட்டார்.

“பிள்ளை வயிறு நெறையக் குடிச்சிட்டுத் தூங்குறா மாமா.”

அதுதான் நாங்கள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு. அதன்பிறகு என்ன வேண்டுமென்றாலும் பேத்தியிடம்தான் சொல்வார். அதே குழாய்த் தண்ணீரைத்தான் குடித்தார். நான் நீட்டினால் வாங்க மாட்டார், அவள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்கும் வீம்பு. நானும் பேசவில்லை. மறுபடி மழை வருவதற்குள் அவர் போய்விட்டார். எழவுக்குக்கூடப் பண்ணையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

மழை பெய்த வருஷம் பருத்தி எடுக்க ஆள் கூப்பிட்டார்கள். போனேன். வேறு கூலி எங்கே இருக்கிறது? பொழுது சாய்ந்து வெளியே வரும்போது, புதுக் காவல்காரர் என்னை நிறுத்தி, பருத்தி ஒளித்து வைத்திருக்கிறேனா என்று மடியை உதறிக் காட்டச் சொன்னார்.

உதறிக் காட்டினேன்.