வாசித்துப் பயன்பெறுக

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, கேக் கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஓர் இளக்காரம். இரண்டு நாளில் எறும்பு மொய்க்கிற சாமானைக் கொடுத்து என்ன புண்ணியம் என்பேன். வாழைச்சேனையில் கொப்பி, பேனை விற்கிற கடை என்னுடையது. நான் ஒவ்வொரு நத்தாருக்கும் நம்முடைய பக்கத்து எழுத்தாளர்கள் எழுதி, இங்கேயே அச்சடித்த புத்தகங்களைத்தான் கொடுப்பேன். "நம்மட ஆக்கள்ட புத்தகத்த நாம வாங்காட்டி ஆர் வாங்குவாங்க?" என்று ஒரு வெளியீட்டு விழா மேடையிலேயே முழங்கியிருக்கிறேன். நன்றாகக் கைதட்டினார்கள். கொடுக்கிற ஒவ்வொரு பிரதியிலும் முதல் பக்கத்தில் 'வாசித்துப் பயன்பெறுக, அன்புடன் ஜெராட்' என்று எழுதித்தான் தாளில் சுற்றுவேன்.

நான் வாசிப்பேனா? அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

றொசானி பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறவள். காலையில் ஹோட்டல் வேன் வரும்வரை என் கடை வாசலில்தான் நிற்பாள். அந்தப் பத்து நிமிஷத்துக்கும் அவளுக்கு ஏதாவது வாசிக்க வேண்டும். பழைய பத்திரிகை, சாமான் சுற்றி வந்த தாள், எதுவானாலும் சரி. கணவன் இறந்து எட்டு வருஷம். மகள் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வகுப்புப் படிப்பது அந்தச் சம்பளத்தில்தான். தன் கதையை யாரிடமும் சொல்லமாட்டாள், என்னிடம் மட்டும் சொல்லுவாள்.

ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணன், ஆருக்கும் சொல்லிராதீங்க. வெள்ளக்காரி கடலுக்குப் போனாப் பிறகு, அவட நீலச் செருப்பப் போட்டுக்கொண்டு பல்கனிக் கதிரையில ஐஞ்சு நிமிஷம் குந்தியிருப்பன். கால் மேல கால். காசு கட்டி வந்த ஆள் மாதிரி."

ஹோட்டலில் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அது எனக்கும் தெரியும்.

"சேச்சே, என்ட வாயில இருந்து வருமா?" என்றேன்.

வந்தது. சிறுகதை எழுதுகிற நஸீபா டீச்சர் கடைக்கு வந்து, "நம்மட சனத்தப் பத்தி ஏதும் கதை இருந்தாச் சொல்லுங்களன்" என்று கேட்டதும் இந்தப் பாழாய்ப்போன நாக்குக்குப் பொறுக்கவில்லை. பிளேன்டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெயர் சொல்லவில்லையே என்று எனக்கு நானே ஒரு சமாதானம். பிறகு மறந்தும் போனேன்.

போன நத்தாருக்கு டீச்சரின் புதிய தொகுதியில் இருபது பிரதி வாங்கினேன். றொசானிக்கு ஒன்று கொடுத்தேன். ஹோட்டலில் அவளுக்கு மேலாளாக இருக்கிற ஓட்டமாவடி இஷாமுக்கும் ஒன்று.

மூன்றாம் நாள் அவளுக்கு லீவு. புத்தகத்தோடு கடைக்குள் வந்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரல் வைத்திருந்தாள்.

"இது நான்தானே அண்ணன்?"

வாங்கி வாசித்தேன். நீலச் செருப்பு, பல்கனிக் கதிரை, கால் மேல் கால். மகள் ஏ.எல். படிப்பதுகூட இருந்தது. எனக்குக் காதுவரை சுட்டது.

"இன்னும் ஆருக்குக் குடுத்தீங்க?"

இஷாமின் பெயரைச் சொன்னேன். அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். "மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் இரிக்கி அண்ணன்" என்றாள். அவ்வளவுதான்.

கடையை அவளிடமே விட்டுவிட்டு இஷாமின் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். வழி முழுக்க மாதாவை மன்றாடிக்கொண்டு போனேன்.

"நீங்க தந்த புத்தகமா? வெக்கமா இரிக்கி ஜெராட் அண்ணன்" என்று இஷாம் அலுமாரியைத் திறந்தார். நாலு வருஷமாக நான் கொடுத்ததெல்லாம் சுற்றிய தாள் பிரியாமல் அடுக்கியிருந்தது. "தடவிப் பாத்தாலே புத்தகமெண்டு விளங்கிடும். வாசிக்க எங்க நேரம்?"

எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்கள்! அச்சில் பிழை என்று ஒரு பொய்யைச் சொல்லி அந்தப் பொதியை வாங்கிக்கொண்டேன். றோட்டோரமாக நின்று மற்றப் பதினெட்டுப் பேருக்கும் அதே பொய்யோடு போனில் கோல் எடுத்தேன். ஒருவரும் திறக்கவில்லை. ஒருவர் மட்டும், "வாசிச்சன், மிச்சம் நல்ல புத்தகம்" என்றார். தலைப்பு என்ன என்று கேட்டேன், தொடர்பு அறுந்துவிட்டது.

ஓடி வந்து சொன்னேன். "பயப்படாத றொசானி. இஷாம் பிரிக்கவே இல்ல. மத்த ஆக்களும் வாசிக்கல்ல."

"நீங்களும் வாசிக்கல்லத்தானே?"

மேடையில் முழங்கிய அதே வாயால், "இல்ல" என்றேன். "வாசிச்சிருந்தா உனக்குத் தந்திருப்பனா?"

அவள் முதல் பக்கத்தைத் திருப்பி என் கையெழுத்தை எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப, நீங்க எழுதினதக் கேட்டு வாசிச்சது நான் ஒராள்தான் அண்ணன்."

புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அவள் வேலை போகவில்லை. ஆனால் இப்போது வேனுக்கு எதிர்ப்பக்க மருந்துக் கடையடியில்தான் நிற்கிறாள். கையில் ஏதோ ஒரு தாள் இருக்கும். நான் பார்த்தால், வாசிப்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வாள்.